புதியவர் நுழையும் வாயில்: திறந்த மூல மென்பொருள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பின் பயனைப் பொதுவில் வைப்பது ஒன்று. அவ்வுழைப்பிற் பங்குகொள்ளும் வழியைப் பொதுவில் வைப்பது மற்றொன்று. முன்னையது நிகழ்ந்துவிட்டாற் பின்னையது தானே நிகழ்ந்துவிடும் என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதை நமது காலத்து வரலாற்றின் ஒரு பகுதியைக் கொண்டே எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். திறந்த மூல மென்பொருள் என இன்று வழங்கப்படும் கூட்டு உழைப்பின் வரலாறே அப்பகுதி.

மென்பொருளை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும்; இயந்திரம் இயக்கும் வடிவம் வேறு. மூலநிரலைக் கையிற் பெறாதவர் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதனை வாசிக்கவோ திருத்தவோ அவரால் இயலாது. மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்து, அதனை ஆராயவும் மாற்றவும் மீளப் பகிரவும் உரிமை வழங்குவதே திறந்த மூலம். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் 2017 ஆம் ஆண்டு முதல் இவ்வாறு எழுதப்பட்ட லினக்ஸிலேயே இயங்கிவருகின்றன. நம் கைகளிலுள்ள தொலைபேசிகளுட் பெரும்பாலானவற்றின் அடித்தளமும் அதுவே.

ஆயின் ஓர் ஆசிரியரோ மாணவரோ, "நாமும் இதிற் பங்குபற்றலாமா? எங்கே தொடங்குவது?" என வினவினால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. இதனை நிறுவுக, அதனைப் பதிவிறக்குக, இன்ன கட்டளையை இடுக என்பன போன்ற அறிவுரைகள் தவறானவையல்ல. எனினும் அவை வினாவின் வேரைத் தொடுவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் பிறருடைய ஆக்கத்தினுள் நுழைந்து அதனைத் திருத்தும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று? அவ்வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை? இவற்றை விளங்கிக்கொள்ளாது தொடங்குபவர், முதலாவது தடையிலேயே தம்மைத் தகுதியற்றவர் எனக் கருதித் திரும்பிவிடுவர்.

1

தொடக்கத்தில் மென்பொருளுக்கு வேலி இருக்கவில்லை. 1955 இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் 704 என்னும் கணினியைப் பயன்படுத்தவிருந்தோர் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 'ஷெயார்' என்றொரு சங்கத்தை அமைத்தனர். பகிர்தல் என்பதே அப்பெயரின் பொருள். அவர்களுட் பலர் ஒன்றோடொன்று போட்டியிட்ட வானூர்தித் தொழிற்சாலைகளிற் பணியாற்றியவர்கள். இருந்தும் தாம் எழுதிய நிரல்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். இதனை வெறும் பெருந்தன்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. அன்று விலையும் வாடகையும் இயந்திரத்துக்கே இருந்தன. நிரல் அதனோடு சேர்ந்துவந்த துணைப்பொருள். ஒரே நிரலைப் பத்து இடங்களிற் பத்துப் பேர் எழுதுவது வீண் என்பதை அனைவரும் உணர்ந்திருந்தனர். பொருளியல் அடித்தளமே அப்பகிர்வை இயல்பானதாக்கிற்று.

அடித்தளம் மாறியபோது வழக்கமும் மாறிற்று. 1969 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனியே விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. 1976 பெப்ரவரியில் பில் கேற்ஸ் என்னும் இளைஞர், பொழுதுபோக்காகக் கணினி கட்டி வந்தோருக்கு எழுதிய திறந்த மடலில், பணம் கொடாது நிரலைப் படியெடுத்தல் களவே என வாதிட்டார். ஊதியமின்றித் திறமான வேலையைச் செய்ய யாரால் முடியும் எனவும் கேட்டார். 1980 இல் ஐக்கிய அமெரிக்கா தனது பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி மென்பொருளை வெளிப்படையாகவே அதன் கீழ்க் கொணர்ந்தது.

இங்கிலாந்துக் கிராமங்களின் பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட வரலாற்றைக் கற்றோர்க்கு இம்மாற்றத்தின் தன்மை எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேற்றுமை கவனிக்கற்பாலது. ஒருவன் உழும் நிலத்தை அதே வேளையில் இன்னொருவன் உழ முடியாது. நிரலையோ ஆயிரம் பேர் படியெடுத்தாலும் மூலம் குறைவதில்லை. குறையாத பொருளுக்கு வேலியிட வேண்டுமாயின் அறிவையே மறைக்க வேண்டும். ஆகவே மூலநிரல் மறைக்கப்பட்டது.

கேற்ஸ் எழுப்பிய வினாவை நாம் எள்ளி நகையாடுதல் கூடாது. உழைப்பவர் எதனைக் கொண்டு வாழ்வது என்பது மெய்யான வினாவே. அவர் தந்த விடையையே நாம் ஏற்க மறுக்கின்றோம். வினா பின்னரும் நம்மைத் தொடர்ந்து வரும்.

2

மறைப்பின் விளைவு ஓர் அச்சுப்பொறியின் உருவில் வெளிப்பட்டது. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றிச்சட் ஸ்ரோல்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கிக்கொண்டால் அதனைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்குமாறு செய்திருந்தார். 1980 அளவிற் செரொக்ஸ் நிறுவனம் வழங்கிய புதிய அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அம்மூலநிரலை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, பிறருக்குக் கொடுப்பதில்லை எனத் தாம் ஒப்பமிட்டுவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஓர் அறிவியலாளர் இன்னோர் அறிவியலாளருக்கு உதவுவதையே குற்றமாக்கிய அவ்வொப்பந்தம் ஸ்ரோல்மனின் சிந்தனையை ஆழமாகப் பாதித்தது.

1983 செப்ரெம்பர் 27 ஆம் நாள், 'க்னூ' என்ற பெயரில் முழுமையான கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். 1985 இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1989 இல் க்னூ பொதுமக்கள் உரிமத்தின் முதலாவது வடிவம் வெளிவந்தது. பதிப்புரிமைச் சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டு அச்சட்டத்தின் நோக்கத்தைத் திருப்பிவிட்டமை இவ்வுரிமத்தின் சிறப்பாகும். நீர் இதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றிய வடிவத்தைப் பிறருக்குக் கொடுப்பீராயின் அதே உரிமைகளையும் மூலநிரலையும் அவர்களுக்கும் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பொதுவில் வைத்ததை எவரும் மீண்டும் வேலியிட முடியாதபடி காத்த ஏற்பாடு இது.

எனினும் உரிமம் உரிமையையே தந்தது, வழியைத் தரவில்லை. நூலகத்தின் கதவு திறந்திருப்பதனால் மட்டும் எழுத்தறியாதவர் வாசகராகிவிடுவதில்லை. புதியவர் உள்ளே வருவதற்கு வேறு சில தேவைப்பட்டன.

3

அவற்றுள் முதலாவது ஒரு சிறு கருவி. 1985 இல் லறி வோல் என்னும் நிரலர் 'பச்' என்ற நிரலை எழுதி வெளியிட்டார். ஒட்டு என்பது அதன் பொருள். அதற்கு முன்னரே, 1970களின் தொடக்கத்தில், இரு கோப்புகளிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் பிரித்துக் காட்டும் 'டிவ்' என்ற நிரல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகியிருந்தது. டிவ் வேறுபாட்டைக் காட்டிற்று. பச் அவ்வேறுபாட்டை எடுத்து மூலத்திற் பொருத்திற்று. தொலைவிலுள்ள ஒருவர் பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலை முழுமையாகத் திருப்பி அனுப்பாமல், தாம் திருத்திய ஏழு வரிகளை மட்டும் அனுப்பும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. பெறுபவரும் அவ்வேழு வரிகளை மட்டும் வாசித்து ஏற்கவோ மறுக்கவோ முடிந்தது.

இது அற்பமான செய்தியெனத் தோன்றலாம். ஆனால் புதியவரின் வரலாற்றில் இதனைவிடப் பெரிய நிகழ்ச்சிகள் சிலவே. பங்களிப்பின் அளவு சிறுத்தமையாலேயே பங்களிப்போரின் தொகை பெருகிற்று. முழு நூலை எழுதுவோர் சிலர். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வல்லோர் பலர். உற்பத்திக் கருவி மாறும்போது உற்பத்தியில் ஈடுபடுவோரின் உறவும் மாறுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1991 ஆகஸ்ற் 25 ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லீனஸ் ரோவால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாகவும் அதில் எத்தகைய வசதிகளை விரும்புகின்றனர் எனவும் இணையச் செய்திக்குழு ஒன்றிற் கேட்டெழுதினார். அக்குழு 'மினிக்ஸ்' பயன்படுத்துவோருக்குரியது. அம்ஸ்ரடாமிற் பேராசிரியராயிருந்த ஆன்ட்றூ ரனன்பாம், மாணவருக்கு இயங்குதளத்தின் அமைப்பைக் கற்பிப்பதற்காக 1987 இல் தமது பாடநூலுடன் வெளியிட்ட சிறு இயங்குதளமே மினிக்ஸ். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம். ஆனால் கற்பித்தலுக்கு ஏற்றவாறு அது சிறிதாகவே இருத்தல் வேண்டும் எனப் பேராசிரியர் கருதினார். ஆகவே மாணவர் அனுப்பிய விரிவாக்கங்கள் பெரும்பாலும் அதனுள் இடம்பெறவில்லை. அவர் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் வாசிக்க அழைக்கப்பட்ட மாணவர் எழுத அழைக்கப்படவில்லை.

ரோவால்ட்ஸின் இயங்குதளம் மினிக்ஸை விடக் குறைபாடுடையது. ரனன்பாம் 1992 ஜனவரியில் அதன் அமைப்பே காலங்கடந்தது எனக் கடுமையாக விமர்சித்தார். ஆயின் லினக்ஸ் புதியவரின் திருத்தத்தை ஏற்றது. 1991 செப்ரெம்பரில் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளாயிருந்த அது, 1994 மார்ச்சில் 1.0 ஆம் பதிப்பாக வெளிவந்தபோது 1,76,000 வரிகளைத் தாண்டியிருந்தது. 1992 இல் அது க்னூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தமையும் இவ்வளர்ச்சிக்கு அரணாயிற்று.

அன்று உள்ளே வந்தோர் யாவர்? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரிலிருந்த அலன் கொக்ஸ், தமது கணினியில் லினக்ஸை இயக்கியபோது வலையமைப்புப் பகுதி அடிக்கடி பழுதடைந்தது. தம்மை இடர்ப்படுத்திய பழுதுகளை அவர் திருத்தி அனுப்பினார், மேலும் திருத்தினார், காலப்போக்கில் அப்பகுதியின் பொறுப்பாளராகவும் முழு லினக்ஸின் முன்னணி உழைப்பாளருள் ஒருவராகவும் ஆனார். பெரும் இலட்சியப் பிரகடனத்துடன் அவர் நுழையவில்லை. தாம் பயன்படுத்திய பொருளிலே தமக்குத் தெரிந்த குறையிலிருந்தே தொடங்கினார். புதியவருக்கு வரலாறு தரும் முதலாவது பாடம் இதுவே.

4

சிறு திருத்தங்கள் பெருகவே அவற்றை ஏற்பதற்கான ஒழுங்கும் தேவையாயிற்று. ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம் மட்டும் இருத்தல் வேண்டும். என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பதைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். அதனைப் பரிசோதித்திருத்தல் வேண்டும். பலர் முன்னிலையில் வரும் விமர்சனத்துக்கு விடை கூறுதல் வேண்டும். இவ்விதிகள் எவரோ ஒருவரின் கட்டளையால் தோன்றியவையல்ல. நாள்தோறும் நூற்றுக்கணக்கான திருத்தங்களை வாசிக்க வேண்டியிருந்தோரின் களைப்பிலிருந்து பிறந்தவை. 2003 இல் ஒரு நிறுவனம் தனது நிரல் லினக்ஸிற் களவாகச் சேர்க்கப்பட்டதெனக் கூறி ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அதன் பின், 2004 முதல், ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அதனை அனுப்புபவர் தமக்கு அதனை வழங்கும் உரிமையுண்டு என உறுதிகூறிப் பெயரிடும் வழக்கம் ஏற்பட்டது. 2005 ஏப்ரிலில், அதுவரை லினக்ஸ் உழைப்பாளர் பயன்படுத்திய தனியுடைமைக் கருவியின் இலவச அனுமதி நிறுத்தப்படவே, ரோவால்ட்ஸ் 'கிற்' என்ற கருவியை எழுதினார். இன்று புதியவர் கற்கும் முதற் கருவி பெரும்பாலும் அதுவேயாகும்.

ஆசிரியர்கள் இவ்வொழுங்கைத் தமது தொழிலோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். மாணவனின் பயிற்சிக் கொப்பியை ஆசிரியர் திருத்துகிறார். சிவப்பு மையிற் குறியிடுகிறார். அது அவ்விருவருக்கும் இடையே நின்றுவிடுகிறது. இங்கோ திருத்தம் ஊர்முன்னிலையில் நடைபெறுகிறது. ஒருவருக்குக் கூறிய விளக்கத்தை ஆயிரம் பேர் வாசித்துப் பயில்கின்றனர். பத்தாண்டுக்கு முன்னர் ஒரு திருத்தம் ஏன் மறுக்கப்பட்டது என்பதை இன்று வரும் மாணவி தேடிப் படிக்கலாம். இத்தகைய பகிரங்கமான பள்ளிக்கூடம் வரலாற்றில் அரிது.

ஆனால் பள்ளிக்கூடத்திற் பிரம்பும் இருந்தது. லினக்ஸ் சமூகத்தின் விமர்சனம் பல வேளைகளில் நிரலைக் கடந்து ஆளைத் தாக்கிற்று. தமது சொற்கள் பலரைப் புண்படுத்தின என்பதை 2018 செப்ரெம்பரில் ரோவால்ட்ஸே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் விலகியிருந்தார். அதே காலத்தில் நடத்தைக் கோவையொன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடுமை தரத்தைக் காக்கும் என நம்பியோர், அக்கடுமையினால் வாயிலிலேயே திரும்பிச் சென்றோரை ஒருபோதும் கணக்கிட்டதில்லை. வராதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை அல்லவா?

ஒருமுறை மட்டும் வராதோரின் தொகை வெளிப்பட்டது. 2006 இற் கூகிள் நிறுவனத்தின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் 'நோம்' என்ற திறந்த மூலத் திட்டத்துக்கு 181 மாணவர் விண்ணப்பித்தனர். அவருள் ஒரு பெண்ணேனும் இல்லை. வாயில் அனைவருக்கும் திறந்தேயிருந்தது. தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நோம் அமைப்பினர் இதனைப் பெண்களின் ஆர்வமின்மை எனக் கூறிச் சமாதானமடையவில்லை. பெண்களை நேரடியாக அழைத்து, வழிகாட்டியையும் உதவித்தொகையையும் ஏற்பாடு செய்து, அதே ஆண்டில் வேறொரு திட்டத்தை அறிவித்தனர். நூறளவான விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. இன்று 'அவுற்றீச்சி' என்ற பெயரில் உலகெங்கும் நடைபெறும் பயிற்சித் திட்டத்தின் தொடக்கம் இதுவே. திறந்திருக்கும் கதவு வேறு, அழைக்கும் குரல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

நமது நாட்டினர் இவ்வரலாற்றை வெளியே நின்று பார்த்தவர்கள் அல்லர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எது தேவை, எந்த அமைப்பு எங்கே பணிபுரிகிறது என்பன போன்ற விபரங்களைத் திரட்ட வழியின்றி நிவாரணப் பணி தடுமாறிற்று. அவ்வேளையில் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சார்ந்தோரும் பிற தொண்டர்களும் கூடி, சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லாகிய 'சஹன' அதன் பெயராயிற்று.

அம்மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டமையே அதன் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது. 2005 இற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அது அங்கே சென்றது. 2006 இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், இந்தோனேசிய நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2010 இல் ஹெயிற்றிக்கும் சென்றது. சமூகப் பயன் தரும் திட்டங்களுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் 2006 ஆம் ஆண்டுக்கு அதற்கே வழங்கப்பட்டது. வறிய நாடொன்று தனது துயரிலிருந்து உருவாக்கிய கருவியை விலை பேசாது பிற நாடுகளின் துயருக்கு வழங்கிற்று. இதனை எழுதியோர் அனைவரும் நீண்ட அனுபவமுடையோர் அல்லர். தேவையே பலரைத் தொண்டராக்கிற்று.

2005 இல் தொடங்கிய கூகிள் கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகிலுள்ள பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் கூடுதலான மாணவரை அனுப்பியது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. இதனைத் தேசியப் பெருமையாக மட்டும் பேசிவிட்டு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. மூத்த மாணவர் தாம் பெற்ற அனுபவத்தை இளைய மாணவருக்குக் கையளிக்கும் மரபு உள்ள இடத்தில் வாயில் தேடவேண்டிய ஒன்றாக இருப்பதில்லை. அம்மரபு இல்லாத பல்கலைக்கழகங்களிலும் பாடசாலைகளிலும் அதே திறமையுள்ள மாணவர் இருக்கின்றனர். அவருக்கு வழிகாட்டவே ஆளில்லை.

நிரல் எழுதத் தெரியாதோருக்கும் இங்கு இடமுண்டு. கணினித் திரையில் 'சேமி', 'அழி', 'திற' எனத் தமிழ்ச் சொற்கள் தோன்றுவதற்குப் பின்னால், 2000களின் முற்பகுதியிலிருந்து மாலைப் பொழுதுகளைச் செலவிட்ட தமிழ்த் தொண்டர்களின் உழைப்பு உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் வாதாடி, கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தி, ஆயிரக்கணக்கான வரிகளை அவர்கள் மொழிபெயர்த்தனர். மொழியாசிரியர் ஒருவர் இவ்வேலையில் எந்த நிரலருக்கும் குறைந்தவர் அல்லர்.

6

இனி, முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். உழைப்பவர் எதனைக் கொண்டு வாழ்வது?

2024 இல் ஹாவர்ட் வணிகக் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்ட மதிப்பீடொன்று நோக்கத்தக்கது. பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருளை ஒருமுறை மீள எழுதுவதற்கு 415 கோடி டொலர் செலவாகும். ஆனால் அதனைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தாமே எழுத நேர்ந்திருப்பின் 8.8 இலட்சம் கோடி டொலர் செலவாகியிருக்கும் என அவர்கள் கணித்தனர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. பொதுவில் வைக்கப்பட்ட உழைப்பின் பயனை மிகுதியாக அறுவடை செய்வோர் யார் என்பதை வாசகர்களே உய்த்துணர்வர். ஊதியம் பெற்றுத் திறந்த மூலத்தில் உழைப்போரும் இன்று பலர் உளர். லினக்ஸை எழுதுவோருட் பெரும்பாலானோர் நிறுவனங்களாற் பணிக்கமர்த்தப்பட்டோரே. ஆயின் எந்தப் பகுதிக்கு ஊதியம், எந்தப் பகுதிக்கு இல்லை என்பதை நிறுவனங்களின் தேவையே தீர்மானிக்கிறது.

அதன் விளைவு 2014 ஏப்ரிலில் வெளிப்பட்டது. இணையத்தின் இரகசியத் தொடர்புகளிற் பெரும்பங்கைக் காத்துவந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருளில் மிகப் பாரதூரமான குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. பெருநிறுவனங்கள் பலவும் சார்ந்திருந்த அம்மென்பொருளில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். குறையுள்ள வரிகளை எழுதியவர் ஓர் ஆய்வு மாணவர். அவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பிழைவிடும் உரிமை புதியவருக்கு உண்டு. அப்பிழையைக் கண்டறிய வேண்டிய கண்கள் போதாமற் போனதே குற்றம்.

2020 ஒக்ரோபரில் வேறொரு காட்சி. ஒரு நிறுவனம் நான்கு திருத்தங்களை அனுப்புவோருக்கு மேற்சட்டையொன்றைப் பரிசளித்துவந்தது. பரிசை விரும்பிய பலர் பொருளற்ற சொற்களைச் சேர்த்தும் மாற்றியும் ஆயிரக்கணக்கான வெற்றுத் திருத்தங்களை அனுப்பினர். ஏற்கெனவே களைத்திருந்த பராமரிப்பாளர் அவற்றை நிராகரிப்பதிலேயே நாட்களைக் கழித்தனர். எண்ணிக்கையையே அளவாகக் கொண்டு மாணவரை ஊக்குவிப்போர் இந்நிகழ்ச்சியை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இவற்றுள் மிக வேதனையானது 2024 மார்ச்சில் வெளியான செய்தியாகும். 'எக்ஸ்.இசெற்.' என்ற சுருக்கல் மென்பொருளை ஊதியமின்றி ஏறத்தாழத் தனியாகவே ஒருவர் பராமரித்துவந்தார். 2021 முதல் புனைபெயரில் வந்த ஒருவர் பொறுமையாகத் திருத்தங்களை அனுப்பி, அவரது நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிற் பங்காளியாகி, இறுதியில் உலகக் கணினிகளுக்குள் இரகசியமாக நுழையும் வழியொன்றை அதனுட் புதைத்தார். வேறொரு திறந்த மூலத் திட்டத்தில் உழைக்கும் ஆன்றெஸ் புறோயின்ட் என்னும் பொறியியலாளர், தமது கணினி அரை விநாடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்றுத் தேடியதாலேயே அது அம்பலமாயிற்று. மூலநிரல் திறந்திருந்தமையே உலகைக் காத்தது என்பது உண்மை. ஆனால் களைப்புற்ற ஒருவர், உதவிக்கு வந்த முதற் கையைப் பற்றிக்கொள்ள நேர்ந்தமையே வஞ்சகத்துக்கு வழிவிட்டது என்பதும் உண்மை.

இந்நிகழ்ச்சியின் பின்னர்ப் புதியவரை ஐயத்துடன் நோக்க வேண்டும் என்போர் உளர். நாம் இதற்கு மாறான முடிவுக்கே வருகிறோம். நேர்மையான புதியவர் பத்துப் பேர் முன்னரே வந்திருந்தால், அவ்வொருவர் தனித்திருந்திருக்க மாட்டார்; வஞ்சகனின் திருத்தத்தையும் பத்துப் பேர் வாசித்திருப்பர். வாயிலைக் குறுக்குவதனால் உழைக்கும் கைகளே குறையும், பாதுகாப்பு மிகுவதில்லை.

7

எனவே தொடங்க விரும்பும் மாணவருக்கு இவ்வரலாற்றிலிருந்து நாம் கூறக்கூடியவை சிலவே. நீர் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்துகொள்ளும். புகழ்பெற்றதைத் தேடி அலைய வேண்டாம். அதனை மூலநிரலிலிருந்து உமது கணினியிற் கட்டி இயக்க முயலும். அம்முயற்சியில் நீர் இடறிய இடத்தை எழுதிவையும். வழிகாட்டிக் குறிப்பில் அவ்விடம் விளக்கப்படாதிருப்பின், அதனைத் திருத்துவதே உமது முதற் பங்களிப்பு. பழையவர்க்கு அக்குறை தெரிவதில்லை. புதியவரின் அறியாமையே இங்கு அவரது மூலதனம். பழுதைக் கண்டால், எப்படிச் செய்தபோது அது தோன்றியது, எதனை எதிர்பார்த்தீர், எது நடந்தது என்பவற்றைப் பிறர் மீளச் செய்து பார்க்கத்தக்கதாக எழுதும். பிறருடைய திருத்தங்களைச் சோதித்துப் பார்த்துப் பயனைக் கூறும். பராமரிப்பாளருக்கு அதனைவிட வேண்டிய உதவி வேறில்லை. விடை தாமதித்தால் அது அவமதிப்பு அன்று, மறுமுனையிலும் ஓர் உழைப்பாளி இருக்கிறார் என்பதை மறவாதிரும். இன்று இயந்திரத்தைக் கொண்டு நொடியில் நிரல் எழுதுவிக்கலாம். எனினும் உமக்கே விளங்காத நிரலை அனுப்புவது, உமது வேலையை இன்னொருவர் தலையில் ஏற்றுவதேயாகும்.

ஆசிரியர்க்குக் கூறவேண்டியது இதனினும் முக்கியமானது. மாணவனைத் தனியே அனுப்பாதீர்கள். மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்து ஒரு மென்பொருளை எடுத்து, வாரத்தில் ஒரு மாலை கூடியிருந்து வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஆங்கிலத்தில் எழுத அஞ்சும் மாணவிக்கு முதற் கடிதத்தை எழுதத் துணைநில்லுங்கள். கணினியும் இணைப்பும் ஓய்வு நேரமும் உள்ளோருக்கே இவ்வாயில் எளிதில் திறக்கிறது. வேலை செய்து கொண்டே படிக்கும் மாணவனுக்கும் வீட்டுப் பணியிற் கட்டுண்ட மாணவிக்கும் பாடசாலை தனது ஆய்வுகூடத்தை ஒரு மாலையேனும் திறந்துவைக்க முடியாதா?

1955 இல் நிரல்களைப் பகிர்ந்தோர் தொழிற்சாலைகளின் உள்ளே இருந்தவர்கள். பின்னர் அவ்வட்டம் பல்கலைக்கழக மாணவர் வரை விரிந்தது. பின்னர் நமது கரையோரத்து முகாம்களின் தேவை வரை வந்தது. ஒவ்வொரு விரிவும் யாரோ ஒருவர் ஒரு கருவியை எழுதியதனாலோ, ஒரு விளக்கத்தை எழுதியதனாலோ, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்ததனாலோ நிகழ்ந்தது. பொதுவில் உள்ள செல்வம் யாருடையது என்ற வினாவுக்கு உரிமப் பத்திரம் தரும் விடை பாதியே. மறுபாதியை, அதனைத் திருத்தக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் எழுதுகின்றனர். அவர்களுள் நம் மாணவரும் இருத்தல் வேண்டும்.